மூன்று ஸ்பூன் மோர்

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆராய்ச்சியில் அகப்பட்ட ஆளின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது அவரே எனக்குப் படித்துப் படித்துச் சொன்ன விதி. ஆராய்ச்சி செய்தவருக்கும் அந்தச் சலுகை உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “எழுத்துல அனுமதி வாங்கினீங்களா?” என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

கொல்கத்தா லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் எங்கள் கட்டடம். முதல் மாடியில் அண்ணன், அண்ணி, நான். மூன்றாம் மாடியில் அவர். பவானிபூர் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் நரம்பியல் வார்டு நர்ஸ். நாற்பதைத் தாண்டிய வயது, முடிச்சுப் போட்ட கூந்தல், தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘தீதி’, அதாவது அக்கா. என்னை ‘தாதா’ என்பார், அண்ணன் என்ற அர்த்தத்தில். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் வங்காளத்தில். இங்கே தமிழில் தருகிறேன். என் மொழிபெயர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதை இதைப் படித்து முடித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவரிடம் யாரும் ‘சுமார்’ என்று சொல்லிவிட முடியாது. “சுமார் எட்டு மணிக்கு” என்றால், “கடிகாரத்துல சுமார் எந்தப் பக்கம் இருக்கு, தாதா?” என்பார். கேலி இல்லை. நிஜமாகவே தேடுகிறவர் மாதிரிக் கேட்பார். தண்ணீர் மோட்டாரை தினமும் ஒரு மணி நேரம் ஓட விடுவதாக வீட்டுக்காரர் ஒருமுறை கோயில் பக்கம் கைநீட்டிச் சொன்னார். இவர் ஒரு மாதம், மோட்டார் ஓட ஆரம்பித்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, மாடிப்படிச் சுவரில் ஒட்டினார். கீழே கருத்து எதுவும் இல்லை. நேரங்கள் மட்டும். அதற்கப்புறம் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் நடந்தார். மோட்டார் மட்டும் ஒரு மணி நேரம் ஓடியது.

வார்டிலும் இதே கதைதான். காலை ஒன்பதுக்கு நோயாளியைப் பார்த்ததாகப் பெரிய டாக்டர் குறிப்பு எழுதுவார். இவருடைய நோட்டில் ‘10.20 - டாக்டர் வந்தார்’ என்றிருக்கும். இரண்டும் ஒரே நோயாளியின் படுக்கையருகே தொங்கும். இப்படிப்பட்டவருக்குப் பதவி உயர்வு ஏன் வரவில்லை என்று அண்ணி ஆச்சரியப்படுவாள்.

திட்டமாட்டார் என்பதுதான் இதில் பயங்கரம். தப்பு செய்தவர்களிடம், “நான் திட்ட மாட்டேன். என்ன நடந்ததுன்னு சொல்லுங்க, எழுதிக்கணும்,” என்பார். திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எழுதிக்கொள்கிறவரிடம் என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரித் தாள்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. அதனால்தான் என்னைத் தேடி வந்தார். நர்சிங்கில் மேல்படிப்புக்காக அவர் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அதற்கான படிவம் தமிழில் வேண்டும், இந்த வட்டாரத்திலிருந்து தமிழர்களும் வார்டுக்கு வருகிறார்கள் என்றார்.

“என்ன ஆராய்ச்சி தீதி?”

“தண்ணி குடுக்கறது.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கவாதம் வந்தால் கை கால் விழுவது எல்லோருக்கும் தெரிகிறது, தொண்டை விழுவது வெளியே தெரிவதில்லை என்று விளக்கினார். மூளையிலிருந்து உத்தரவு வராததால் தொண்டை வேலைநிறுத்தம் செய்கிறது. கொல்கத்தாவில் இருப்பவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அந்த நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும். பிறகு காய்ச்சல், நிமோனியா. பக்கவாதத்தில் தப்பித்தவர் தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரில் போய்விடுவார்.

அவர் வேண்டியது மிகச் சாதாரணமானது. நோயாளி வந்தவுடனே நர்ஸ் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனில் மூன்று தடவை தண்ணீர் கொடுத்துத் தொண்டையைக் கவனிக்க வேண்டும். குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, இருமல் வருகிறதா பார்க்க வேண்டும். வந்தால் வாய் வழியாக எதுவும் கிடையாது, மூக்கு வழிக் குழாய்தான். அப்போது அந்தச் சோதனையை டாக்டர் மட்டும்தான் செய்யலாம் என்றிருந்தது. டாக்டர் வர சில நாள் மதியம் ஆகும். அதுவரை நோயாளி வாயைக் காட்டிக் காட்டிக் கேட்பார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வீட்டாரால் முடியுமா? இந்தச் சோதனையை நர்ஸ்கள் செய்தால் எத்தனை நெஞ்சுகள் தப்பிக்கின்றன என்று காட்டிவிட்டால், மருத்துவமனை அதை விதியாக்கிவிடும். அதுதான் அவர் ஆராய்ச்சி. டாக்டர்கள் அதற்கு ‘சிஸ்டரின் ஸ்பூன் சாஸ்திரம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

படிவத்தில் பதினோரு கட்டங்கள். பதினோராவது கட்டத்தில், ‘வீட்டார் வாய் வழியாக ஏதாவது கொடுத்தார்களா? என்ன? எத்தனை மணிக்கு? அப்போது இருமினாரா?’ என்றிருந்தது. இதெல்லாம் குடும்ப வம்பு, விஞ்ஞானமில்லை என்று அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னாராம் பெரிய டாக்டர். “மத்த பத்து கட்டமும் இந்த ஒண்ணை நம்பித்தான் நிக்குது, தாதா,” என்றார் இவர்.

நான் கம்பீரமான தமிழில் எழுதிக்கொடுத்தேன். ‘விழுங்குதிறன் மதிப்பீட்டு ஒப்புதல் ஆவணம்’. அவர் அதை எடுத்துக்கொண்டு நேரே லேக் மார்க்கெட் இட்லிக் கடைக்குப் போய், கல்லாவில் இருந்த தமிழ்க்காரரைப் படிக்கச் சொல்லி, புரிந்ததை வங்காளத்தில் திருப்பிச் சொல்லச் சொன்னார். திரும்பி வந்து தாளை என் மேஜைமேல் வைத்தார்.

“தொண்டையை அறுக்கப்போறாங்க, யாரும் கையெழுத்துப் போடாதீங்கன்னு எழுதியிருக்காம்.”

மூன்று முறை திருத்தினேன். மூன்று முறையும் இட்லிக் கடைக்குப் போய் வந்தது. இருபது வருஷத் தொழிலில் என் எழுத்தை யாரோ ஒருவர் கடைசி வரி வரை படித்தது அப்போதுதான்.

அந்தப் படிவத்தை முதன்முதலில் நிரப்பிக் கையெழுத்திட்ட தமிழன் நானேதான்.

மே மாதம். அண்ணன் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் போயிருந்தது. அவர் ரயில்வே கண்ட்ரோல் ஆபீசில் ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று எழுதியே வாழ்க்கையைக் கழித்தவர். தீதி வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுபோனோம். அவரே அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூன் சோதனை செய்தார். இரண்டாவது ஸ்பூனிலேயே அண்ணனுக்கு இருமல் வெடித்தது. மூக்கில் குழாய் போட்டார்கள். கட்டில் தலைமாட்டில், ‘வாய் வழியே எதுவும் கொடுக்காதீர்கள்’ என்று தமிழிலேயே ஒரு அட்டை. வாசகம் அடியேன்.

மூன்றாம் நாள் மதியம். வார்டு விசிறி சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு நினைவு தெளிந்திருந்தது, பேச்சுதான் இல்லை. உதடு வெடித்திருந்தது. இடது கையால் வாயைக் காட்டினார். மறுபடியும் காட்டினார். அண்ணி கூடையிலிருந்து தூக்கை எடுத்தாள்.

“என்ன அண்ணி அது?”

“மோர்தான். நீர் மோர். தலைக்குச் சூடு ஏறித்தானே இந்த வியாதியே வந்துது?”

“எதுவும் கூடாதுன்னு போட்டிருக்கு. நான்தான் எழுதினேன்.”

“நீ எழுதினதை என்னிக்கு இந்த வீட்டுல யாரு படிச்சோம்? அவங்க கண்டது தண்ணியும் பாலும். மோரைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? மூணே ஸ்பூன். பாரு, எப்படிப் பாக்கறார்னு. உன் அண்ணன்தானே?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை. என் கைதான் ஸ்பூனைப் பிடித்தது. மூன்றாவது ஸ்பூனில் அண்ணனுக்குப் புரை ஏறியது. முகம் சிவந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணி அவர் உச்சந்தலையில் தட்டினாள்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சென்னையில பெரியவ நினைக்கறா போலிருக்கு.”

பத்து நிமிஷத்தில் சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். “பாத்தியா?” என்றாள் அண்ணி. இதற்கு விஞ்ஞானம் என்ன பதில் சொல்லும் என்று நானும் வியந்தேன். இவ்வளவு படித்த எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது இவ்வளவுதான்.

நாலு மணிக்குத் தீதி படிவத்தோடு வந்தார்.

“வாய் வழியா ஏதாவது குடுத்தீங்களா? திட்ட மாட்டேன்.”

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். தூக்கு அவள் காலடிக் கூடைக்குள் இருந்தது.

“இல்லை,” என்றேன்.

“எதுவுமே?”

“எதுவுமே.”

நான் மொழிபெயர்த்த கட்டத்தில் என் கையாலேயே ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாளில் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குப் போராடினார். பிழைத்து வந்தார். எடை பாதியாகியிருந்தது. எங்கள் கதை அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். தீதியின் கதை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு மாலை மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். வழக்கமாக இரண்டிரண்டு படியாக ஏறுகிறவர், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“மெமோ குடுத்திருக்காங்க, தாதா.”

ஆராய்ச்சியைப் பரிசீலித்த குழு அண்ணனின் படிவத்தைத்தான் கையில் எடுத்ததாம். சோதனை நடந்திருக்கிறது, விழுங்க முடியாது என்று கண்டுபிடித்தாயிற்று, வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லை என்று வீட்டாரே எழுதியிருக்கிறார்கள். பிறகு எப்படி நிமோனியா வந்தது? ஒன்று, ஸ்பூன் சோதனையால் பிரயோஜனமில்லை. அல்லது, சிஸ்டர் நோயாளியைப் படுக்கப்போட்டே குழாயில் பால் ஊற்றியிருக்கிறார்.

“ஒவ்வொரு தடவையும் தலைமாட்டை உயர்த்தினதை நேரம் போட்டு எழுதியிருக்கேன். காட்டினேன். ‘அதெல்லாம் அப்புறமா உக்காந்து எழுதிடலாமே, சிஸ்டர்’ங்கறார் பெரிய டாக்டர்.”

சுமார் என்ற சொல்லைக்கூட அனுமதிக்காத மனுஷியைப் பொய்க்கணக்கு எழுதியவர் என்கிறார்கள். பொய்யெழுதியவன் இரண்டு படி கீழே, கையில் முருங்கைக்காயோடு நிற்கிறேன்.

“அடடா,” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். எத்தனையோ சொற்கள் தெரிந்தவன். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். “இப்ப போய்ச் சொன்னா அவர் செத்துப் பிழைச்சதே நம்மாலன்னு ஊர் முழுக்கப் பேசும். பெரியவளுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?” என்றாள். நான் அவளுக்குப் பயந்தேன் என்று எழுதினால் பாதி உண்மை. அவள் வாயிலிருந்து அந்தக் காரணம் வந்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பது மீதி.

குழு உத்தரவு போட்டது. சோதனையை டாக்டரே செய்வார். நர்ஸ்கள் செய்யவும் கூடாது, அதைப் பற்றிக் குறிப்பில் எழுதவும் கூடாது.

ஆனால் ஏற்கெனவே எடுத்த நோயாளிகளை மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்த்துக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் திட்டத்தில் இருந்தது. ஆராய்ச்சியே படுத்துவிட்டபின் எதற்கு அது? ஒப்புக்கொண்டதை முடிக்க வேண்டுமாம். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அண்ணனுக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துப் பேசுவார். தீதி ஒவ்வொரு கட்டமாக, பழைய பதிலைப் படித்துக்காட்டிச் சரிதானா என்று கேட்டுக்கொண்டு வந்தார். பதினோராவது வந்தது.

“வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லை.”

அண்ணன் தலையை ஆட்டினார். பக்கவாதத்தின் ஆட்டமில்லை. மறுப்பு.

“மோர்,” என்றார். “மூணு... ஸ்பூன். மூணு பத்துக்கு.” இடது கை மெல்ல உயர்ந்து என் பக்கம் நீண்டது. “இவன்.”

வார்டுச் சுவரில் கடிகாரம் இருந்ததை நான் கவனித்ததுகூட இல்லை. பேச்சு போய், பாதி உடம்பு போய்ப் படுத்திருந்தவர் நேரத்தைப் பார்த்துவைத்திருக்கிறார்.

தீதி என்னைப் பார்த்தார். பிறகு என் ‘இல்லை’யை அழிக்காமல், அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ‘மோர், 3 ஸ்பூன், 3.10, தம்பி’ என்று எழுதி என் பக்கம் நீட்டினார்.

“கையெழுத்து.”

“திட்டுங்க தீதி. தயவு செஞ்சு திட்டுங்க.”

“நான் திட்டினா அடுத்த வீட்டுல யாராவது சொல்லுவாங்களா?” பேனாவை இன்னும் முன்னால் நீட்டினார். “அப்ப இருமினாரா?”

“இருமலெல்லாம் இல்ல சிஸ்டர்,” என்று அண்ணி அவசரமாகத் தன் மார்க்கெட் வங்காளத்தில் குறுக்கிட்டாள். “புரைதான் ஏறிச்சு. பெரியவ நினைச்சா. தலையில தட்டினேன், சரியாப் போச்சு. உடனே போன்கூடப் பண்ணினாளே!”

தீதியின் பேனா நின்றது.

“எங்க வீட்டுலயும் அம்மா தட்டுவா,” என்றார் மெதுவாக. “யாரோ உன் பேரைச் சொல்றாங்கம்பா.”

துணிப்பையிலிருந்து படிவக் கட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். எல்லாவற்றிலும் ‘இருமவில்லை’, ‘இருமவில்லை’. வங்காளத்தில், இந்தியில், என் தமிழில். யாருமே அதை இருமலாக எண்ணியிருக்க மாட்டார்கள் என்று அப்போது எனக்கும் உறைத்தது. தூரத்தில் யாரோ பிரியமாக நினைப்பதை நோய் என்று எவன் எழுதிக்கொடுப்பான்? நேரே கேட்டால் மறைக்கிறார்கள். மறைக்காதவர்களும் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்க வேண்டிய விதமே வேறு.

“கண்டுபிடிப்புன்னா இதுதான், தாதா,” என்றார். “ஆறு மாசம் முன்னாடி கிடைச்சிருக்கணும். இப்ப யார்கிட்ட குடுக்கறது இதை?”

மறு வாரம் அந்தப் பெரிய டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை அண்ணியைக் கேட்கவில்லை. பொய் சொன்னவன் நான், சிஸ்டரின் குறிப்புகள் உண்மை, மெமோவைத் திரும்ப வாங்குங்கள், சோதனையை மறுபடி அனுமதியுங்கள் என்றேன். அவர் என்னை உட்காரவைத்து டீ வரவழைத்தார். கத்துவார் என்று தயாராகப் போனவனுக்கு பிஸ்கெட்டும் வந்தது.

“எல்லா வீட்டிலும் நடக்கறதுதான். மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. அண்ணன் நல்லா இருக்காரில்லையா?”

“மெமோ, சார்?”

“அந்த ஃபைலை மூடியாச்சு. ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் அப்புறமா வருத்தம் வரும்போதெல்லாம் திறந்துக்கிட்டிருந்தா நாங்க வைத்தியம் பாக்க வேண்டாமா? எழுதிக் குடுத்துட்டுப் போங்க. வச்சுக்கறோம்.”

எழுதிக்கொடுத்தேன். மூன்று மொழிகளில். குமாஸ்தா ஒரு முத்திரை குத்தி, எந்தப் பக்கம் மேலே வரும் என்று பார்க்காமல் ஒரு கட்டின் அடியில் செருகினார். என் தாள்களுக்கு வழக்கமான கதிதான். டாக்டரைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. டீ நன்றாக இருந்தது.

தீதியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வார்டுக்குள் எட்டிப்பார்த்தேன். மணி பத்தேகால். டாலிகஞ்சிலிருந்து அப்போதுதான் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மனைவி பக்கத்தில், கையில் சீவிய இளநீரோடு. டாக்டர் இன்னும் வார்டுக்கு வரவில்லை; சற்று முன் அவர் அறையில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தவர், அடுத்து ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தார்.

தீதி படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். கால்வாசி திறந்திருந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்தது. பெரியவரை நிமிர்த்தினார். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தார். ஒரு ஸ்பூன். தொண்டையில் இரண்டு விரல் வைத்துக் காத்திருந்தார். இரண்டாவது ஸ்பூனில் பெரியவர் இருமித் துவண்டார். வாயைத் துடைத்துவிட்டார். மனைவியின் கையிலிருந்த இளநீரை வாங்கித் தள்ளி வைத்தார்.

மார்புப் பையில் பேனா இருந்தது. கட்டில் முனையில் குறிப்பேடு தொங்கியது. அவர் இரண்டையும் தொடவில்லை.

“வாய் வழியா ஒரு சொட்டுகூடக் குடுக்காதீங்க, பௌதி,” என்றார் அந்த மனைவியிடம், அண்ணி முறை வைத்து.

“டாக்டர் வந்து பாக்கவே இல்லையேம்மா? நீங்களா சொல்றீங்களா?” அந்த அம்மாள் சந்தேகமாகக் கேட்டார்.

திரை இடைவெளியில் நான் நிற்பதைத் தீதி பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“டாக்டர் வந்து பாத்துட்டுத்தான் போனார்,” என்றார். “சுமார் ஒன்பது மணிக்கு.”